உட்கார்ந்த வேலை

பாய்லர் கழுவுகிற நாளில் பலகையில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. கூடத்தில் ஆளே கிடையாது, புள்ளி எங்கிருந்து வரும்? மடிக்கிற பெண்கள், டிரம் ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் விடுமுறை. அவர்கள் கையில் கட்டுகிற பட்டைகள் கீழே சுவரோரச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கிச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். பலகை என்று சொல்வதே ஒழிய அது ஒரு பெரிய திரைதான். அதில் சலவைக்கூடத்தின் வரைபடம் மட்டும், பெருக்கித் துடைத்த வீடு மாதிரி வெறிச்சென்று கிடக்கும். மேஸ்திரிக்கு அந்த வெறுமையைப் பார்ப்பது பிடிக்கும். யாரையும் கவனிக்க வேண்டாம், யாரையும் விரட்ட வேண்டாம்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு புள்ளி இருந்தது.

வெளிறிய பச்சை. துவைக்க வருகிற துணியைக் குவிக்கிற அழுக்கறைக்குள்.

டீ தெறித்திருக்கும் என்று நினைத்தார். சட்டை நுனியால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அது அவரையே பார்ப்பது போல் இருந்தது.

அவருடைய அறை கூடத்துக்கு மேலே, ஒரு மூலையில், இரும்பு ஏணிப்படி ஏறிப் போகிற உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. கீழே இருக்கிறவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டி என்பார்கள். அவர் காதுபடாதபோது உள்ளே இருக்கிறவரையும் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற நாட்களில் அங்கே உட்கார்ந்தால் கீழிருந்து வரும் இரைச்சல் நாற்காலிக் கால் வழியாக முதுகுத்தண்டில் ஏறும். டிரம்கள் உருள, நீராவி சீற, ஆஸ்பத்திரி விரிப்புகளையும் ஓட்டல் விரிப்புகளையும் பெண்கள் ஆளுக்கொரு நுனி பிடித்து உதறுகிற சத்தம் படார் படாரென்று கேட்டுக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. ஈரத் துணி காய்ந்தும் காயாமலும் விடுகிற வாடை, பிளீச்சிங் நெடி, அதற்கும் அடியில் அழுக்கறையிலிருந்து வருகிற மனித உடம்பின் பழைய வியர்வை, இவை மட்டும் மேலே ஏறி வந்தன. கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே பொழுது இருட்டியதா இல்லையா என்பதைக் கடிகாரம் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

கீழே பாய்லர்காரர் துணியில் கை துடைத்துக்கொண்டே அண்ணாந்து கத்தினார்.

"மேஸ்திரி! தீ போட்டாச்சு. ஆவி ஏறுற வரைக்கும் ஆள் இருக்கணும், பாத்துக்கங்க. நாங்க கெளம்புறோம்."

"அழுக்கறையில உங்க ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

"அங்க எங்களுக்கு என்ன வேலை? எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. ஏன், யாராச்சும் எண்ணிக்கையில விட்டுப் போச்சா?" என்று சிரித்தார் அவர். "எங்கள விட்ருங்க சாமி. உங்க பூரான் எங்களுக்கு வேணாம்."

இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. வேன் கிளம்பிப் போகிற ஓசை சன்னமாகித் தேய்ந்தது.

பூரான் என்று பெயர் வைத்தவர்கள் மடிக்கிற பெண்கள்தான். கையில் கட்டிய பட்டை, கை சும்மா இருந்தால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். பிறகு மணிக்கட்டில் கால் முளைத்த மாதிரி ஊர ஆரம்பிக்கும். அதற்குள் மேலே பலகையில் அந்த ஆளின் பச்சைப் புள்ளி மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, கீச்சென்று ஒரு சத்தம் வரும். மேஸ்திரி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மேசையில் பதித்திருக்கிற பட்டனைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அதற்குத் 'தட்டுவது' என்று பெயர். தட்டினால் பூரான் கடிக்கும். நரம்பு துள்ளுகிற மாதிரி ஒரு அதிர்வு. ஆள் எழுந்து நகர்ந்தால் புள்ளி பச்சையாகும். மேஸ்திரி தட்டாமல் விட்டாரென்றால் மேலாளர் கூப்பிடுவார். அதே பலகை அவருடைய கைபேசியிலும் உண்டு. கல்யாணப் பந்தியில் இருந்தாலும் கக்கூஸில் இருந்தாலும் கூப்பிடுவார்.

மேஸ்திரி இந்த நாற்காலிக்கு வந்தது படித்து வந்ததல்ல. ஈர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டிரம்முக்கும் துணி தேய்க்கிற உருளைக்கும் நடுவே நடந்தே இளமையைத் தொலைத்தவர். தண்ணீர் சொட்டிய தரையில் ஒருநாள் மூட்டையோடு விழுந்தார், வலது முழங்கால் கழன்று திரும்பிக்கொண்டது. அனுதாபப்பட்டு மேலே ஏற்றினார்கள். அவருக்கு முன்னாலிருந்த மேஸ்திரி காலால் மேற்பார்த்தவர். நாள் பூராவும் கூடத்தைச் சுற்றி வருவார், திட்டுவார், ஆனால் முகத்தைப் பார்த்துத் திட்டுவார். யாருக்குக் காய்ச்சல், யார் ராத்திரி தூங்கவில்லை என்று திட்டும்போதே தெரிந்துகொள்வார். இவருக்குக் காலுக்குப் பதில் பலகை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கு உக்காந்த வேலைதான்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள். அந்த நாற்காலி போனால் திரும்ப மூட்டைதான். மூட்டையைத் தூக்க அவருக்கு முழங்கால் கிடையாது.

பச்சைப் புள்ளி அசையவில்லை. மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். புள்ளிக்கடியில் எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் ஆளின் பெயர் இருக்கும்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

எட்டுக்கை.

பெயர் அதுவல்ல, எல்லோரும் கூப்பிட்டது அது. இரண்டு பேர் சேர்ந்து மடிக்க வேண்டிய விரிப்பை அவள் ஒருத்தியாக நுனியைத் தாடையில் இடுக்கி உதறி மடித்துப் போட்டுவிடுவாள், அதனால் எட்டுக்கை. போன வாரம் அழுக்கறையில் செத்துப் போனாள்.

இன்று மத்தியானம்தான் அவள் புருஷன் கேட்டுக்கு வந்திருந்தான். சிமெண்ட் மூட்டை இறக்குகிறவன்; முடியெல்லாம் சாம்பல் பூத்து, உள்ளங்கை வெடிப்பில் சிமெண்ட் உறைந்துபோயிருந்தது. அவளுடைய சாப்பாட்டுப் பையையும் செருப்பையும் வாங்கிப் போக வந்தான். செருப்பை வாங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். போகவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"கஷ்டப்பட்டாளா?"

மேஸ்திரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார். வார் அறுந்து, துணி நூலால் தைத்திருந்தது.

"சேச்சே. பட்டுனு போயிட்டாப்பா. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள. அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

அவன் விம்மினான். அது அழுகையல்ல, பாரம் இறங்கின மாதிரி. சட்டென்று மேஸ்திரியின் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அது போதும்ணே. அது ஒண்ணு போதும். ராத்திரியெல்லாம் அதான் ஓடிட்டு இருந்துச்சு." அவனுடைய கண்ணீர் அவர் கட்டைவிரலில் பட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளத் துடித்தார், இழுக்கத் தைரியமில்லை. அவன் போன பிறகு குழாயடியில் போய்க் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார்.

கீச்.

மேஸ்திரி தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். புள்ளி மஞ்சளாகி, அவர் பார்க்கிறபோதே சிவப்பானது.

"சனியன்" என்றார் வாய்விட்டு. குரல் கண்ணாடியில் பட்டு அவர் முகத்துக்கே திரும்பியது.

இது நடக்கவே முடியாத காரியம். ஏனென்றால் அந்தப் பட்டைக்கு என்ன ஆனதென்று அவருக்குத் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு அவள் இதே ஏணிப்படிக்கு அடியில் வந்து நின்றாள். முகம் துவைத்த துணி மாதிரி இருந்தது. "அண்ணே, கொஞ்சம் உக்காந்துக்கட்டுமாண்ணே? நெஞ்செல்லாம் ஒரு மாதிரியா இருக்கு." அவர் கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டினார். பக்கத்து மேசைப் பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் மேஸ்திரிக்கு வாய் துறுதுறுக்கும். "உக்காரலாம்மா, தாராளமா உக்காரு. பூரான்தான் கடிக்கும். அதுகிட்ட சிபாரிசு பண்ற அளவுக்கு எனக்குச் செல்வாக்கு இல்ல." பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. வலியோடு, அவர் நகைச்சுவைக்கு மரியாதை கொடுத்து, சிரித்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் புள்ளி அழுக்கறைக்குள் போய் மஞ்சளானது. சிவப்பானது. தட்டினார். புள்ளி ஒரு துளி நகர்ந்து நின்றது. பார்த்தியா, நடிக்கிறா என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் செய்யாத தில்லுமுல்லா? பட்டையைக் கழற்றி ஓடுகிற டிரம்மில் கட்டிவிட்டுப் படுத்தவர்கள் உண்டு. தள்ளுவண்டிச் சக்கரத்தில் கட்டிவிட்டு வம்பளந்தவர்கள் உண்டு. பலகைக்கு முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் நம்பாததெல்லாம் ஆட்களைத்தான், நம்பியதெல்லாம் புள்ளியைத்தான். மறுபடி சிவப்பு. தட்டினார். ஒரு துளி நகர்ந்தது. தட்டினார். ஒரு துளி. ஏணிப்படி இறங்கி, கூடத்தைக் கடந்து போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். முழங்காலை நினைத்தார். தட்டினார்.

கடைசியில் தட்டியும் நகராமல் போனபோதுதான் திட்டிக்கொண்டே இறங்கினார்.

அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தாள். கையை ஊன்றி எழப் பார்த்து, சறுக்கி, மறுபடி ஊன்றி, மறுபடி சறுக்கி, அப்படியே தரையில் தேய்த்துக்கொண்டே வாசலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாய் வந்திருந்தாள். தரை அழுக்கில் அந்த இழுப்பெல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு இழுப்பு. அவள் நடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள்.

உயிர் இல்லை. பூரான் மட்டும் அந்த மணிக்கட்டில் இன்னமும் துடித்துக்கொண்டிருந்தது. அதன் துடிப்பில் அவள் விரல்கள் தரையில் டிக்டிக்கென்று தட்டின.

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் மேஸ்திரி செய்த முதல் காரியம் அதைக் கழற்றியதுதான். காலால் தரையைத் தேய்த்து அந்த இழுப்புகளை அழித்தார். வெள்ளை விரிப்புகள் வேகிற டிரம்முக்குப் போகிற வண்டியில் பட்டையைத் திணித்தார். பிறகுதான் கூச்சல் போட்டார். மறுநாள் டிரம்மின் சல்லடையில் கறுப்பாக உருகின ரப்பர்க் கட்டி ஒன்று சிக்கியிருந்தது. அதையும் அவரே எடுத்து, தூரமாகப் போய்ச் சாக்கடையில் போட்டார். மேலாளரிடம், "எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு சார்" என்றார். அத்தோடு முடிந்தது.

மேசையில் தொலைபேசி அடித்தது.

"என்னய்யா, ஒரு புள்ளி செவப்பா நிக்குது? இன்னைக்கு ஆளே இல்லையே." மேலாளருக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடுகிற இரைச்சல் கேட்டது.

"அது... ஏதோ கோளாறு சார்."

"யாரோட பட்டை அது? பேர் பாரு. இங்க எழுத்து பொடியா இருக்கு, தெரியல."

பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். தொலைந்த பட்டை எப்படி அழுக்கறையில் இருக்கிறது? யார் கழற்றியது? எப்போது கழற்றியது?

"சட்டத்துல இருக்கிற பட்டைதான் சார். சார்ஜ் ஏறும்போது இப்படித்தான் பண்ணும்."

"அப்ப தட்டி விடு. தட்டினா சரியாயிடும்."

"சரி சார்."

தட்டினார். கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

கீழே, கூடத்தின் அந்தக் கோடியில், மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது.

பலகையில் புள்ளி ஒரு துளி நகர்ந்தது.

மேஸ்திரி நாற்காலிக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். உருகாமல் தப்பின பட்டையை எலி இழுக்கிறது. அந்த ரப்பர்க் கட்டி வேறு எதுவோ. ஆமாம், எலிதான். அந்த எண்ணத்தில் கொஞ்சம் மூச்சு வந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். முழங்காலைத் தடவினார். கண்ணாடிக்கு அப்பால் மடிப்பு மேசைகள் வரிசையாய், விரிப்புப் போர்த்தி, ஆஸ்பத்திரிக் கட்டில்கள் மாதிரிக் கிடந்தன. மேசைகளுக்கு அந்தப் பக்கம் அழுக்கறையின் வாசல். அங்கே கதவு கிடையாது, பிளாஸ்டிக் நாடாக்கள்தான் திரை மாதிரித் தொங்கும். வண்டி போய் வந்தால் அவை ஆடும்.

அவை ஆடிக்கொண்டிருந்தன.

கீச்.

சிவப்பு. இப்போது புள்ளி அழுக்கறைக்கு வெளியே இருந்தது.

தட்டக் கூடாது என்று முடிவெடுத்தார். கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். கீச், கீச் என்று அது விடாமல் கத்தியது. தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

"என்னய்யா தூங்கிட்டியா? எனக்கு இங்க கத்திக்கிட்டே இருக்கு, மாமனார் வீட்ல உக்காந்திருக்கேன்யா. உன்னால முடியலன்னா சொல்லு, வர்றேன். வந்து அந்தப் பட்டைய என் கையால எடுத்துப் பாக்கிறேன்."

"வேணாம் சார்! வேணாம். இதோ."

தட்டினார்.

ரீங்காரம். இந்தத் தடவை ரீங்காரத்தோடு இன்னொன்றும் கேட்டது. ஈரமான ஏதோ ஒன்று சிமெண்ட் தரையில் இழுபடுகிற சத்தம். சர்ரக். அப்புறம் மௌனம். அந்த மௌனத்துக்குள் அது இளைப்பாறுவது கேட்டது.

கூடத்தின் விளக்குகளில் பாதிதான் எரிந்தன. மேசைகளுக்கு நடுவிலுள்ள வழிகளெல்லாம் இருட்டு. மேஸ்திரி கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தார். அவர் மூச்சில் கண்ணாடி பூத்துப் போனது. துடைத்தார். மறுபடி பூத்தது. பிளீச்சிங் நெடி கூடியிருந்தது, அதோடு வெந்நீரில் வெந்த துணியின் வாடை. டிரம் எதுவும் ஓடவில்லையே.

கீச்.

தட்டினார். சர்ரக்.

ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. இந்த ஒரு தடவை. மேலாளர் வராமலிருக்க இந்த ஒரு தடவை. வந்தால் பட்டை தெரியும், பட்டை தெரிந்தால் மற்றது தெரியும், ஊரே தெரிந்துகொள்ளும், சிமெண்ட் மூட்டைக்காரனுக்குத் தெரியும். கஷ்டப்பட்டாளாண்ணே? அந்தக் கேள்வியோடு அவன் திரும்ப வந்து நிற்பான். அதைவிட இது மேல். தட்டினார். அவள் புருஷன் தன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது. தட்டினார்.

சர்ரக்.

நடுவழியில், உருளைக்குப் பக்கத்தில், மேசைக்கடியில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விழுந்து கிடக்கிற விரிப்பு என்று நினைத்தார். விரிப்புக்கு முழங்கை இருக்காது.

"தங்கச்சி" என்றார்.

ஓடிப் போகலாமென்றால் வழி அந்த ஏணிப்படி ஒன்றுதான். பலகையை அணைக்கலாமென்றால் சுவிட்ச் கீழே, ஏணிக்கடியில். இன்னும் சில தட்டுகளில் புள்ளியும் அந்த ஏணிக்கடிக்கே வந்துவிட்டது.

கீச்.

தட்டவில்லை.

தொலைபேசி. எடுத்தார். "வண்டி சாவிய எடுத்துட்டேன்" என்றது குரல்.

"வேணாம் சார்."

தட்டினார்.

டங்.

இரும்பு. முதல் படி. அதன்மேல் ஒரு பாதம் ஏறினால் என்ன சத்தம் வருமென்று அவருக்குத் தெரியும். இது பாதம் இல்லை. உள்ளங்கை.

கீச். தட்டினார். டங்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவளாக வரவில்லை. வஞ்சம் தீர்க்க வரவில்லை. அவர் தட்டுகிறார், அவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அன்றைக்குச் செய்ததையே செய்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்கிறாள். தட்டாமலிருந்தால் எங்கே இருக்கிறாளோ அங்கேயே கிடந்து ஓய்வாள்.

அது புரிந்த பிறகும் தட்டினார்.

டங். டங்.

கதவு அடியில் விரல்கள். நகத்தடியில் அழுக்கு. தோல் வெந்து, வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின கையாகச் சுருங்கியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக, உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டு, பூரான்.

கதவு திறந்தது.

நிலையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பல்லைக் காட்டவில்லை. கண்ணை உருட்டவில்லை. இரண்டு கைகளும் மார்புக்கு நேரே உயர்ந்து, இல்லாத விரிப்பை நுனி சேர்த்து, மடித்து, நீவி, பக்கத்தில் வைத்தன. மறுபடி உயர்ந்தன. அவற்றை நிறுத்த அவளால் முடியவில்லை. முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அதே சிரிப்பு. மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு.

"அண்ணே."

மேஸ்திரி சுவரோடு ஒண்டினார்.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமாண்ணே?"

அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவருடையது. அவர் எழுந்துவிட்டிருந்ததால் அது காலியாக, மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளத்தோடு, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கையை நீட்டி அதை அவள் பக்கம் தள்ளினால் போதும். உக்காரும்மா என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வந்துவிட்டது, நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, அது வந்ததும் அவருக்குக் கண்ணில் நீர் தளும்பியது. நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

கீச்.

சிவப்பு. அவர் நிற்கிற இடத்தில், அவர் அறைக்குள், பலகையில் சிவப்பு.

தொலைபேசி அடித்தது.

அவள் காத்திருந்தாள். கைகள் மடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தொலைபேசி நிற்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் தட்டினார். முகத்தைப் பார்க்காமல் தட்டினேன் என்று இனி அவர் சொல்ல முடியாது.

பூரான் கடித்தது. அவள் உடம்பு மணிக்கட்டிலிருந்து தோள்வரை, தோளிலிருந்து தாடைவரை ஒரு உதறு உதறியது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"சரிண்ணே" என்றாள்.

திரும்பினாள். படிகளில் இறங்கினாள். இந்தத் தடவை பாதங்கள்.

மேஸ்திரி தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். பலகையில் புள்ளி மடிப்பு மேசைக்குப் போய், நல்ல, அடர்ந்த பச்சையாக நின்றது.

"பாத்தியா?" என்றார் மேலாளர் சந்தோஷமாக. "தட்டினா சரியாயிடும்னு சொன்னேன்ல?"

கீழே இருட்டுக்குள் ஒரு விரிப்பு படாரென்று உதறப்பட்டது. மடிக்கப்பட்டது. இன்னொன்று உதறப்பட்டது. மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். அந்த நாற்காலியில் உட்கார அவருக்குக் கால் மடங்கவில்லை. உதறல் மெதுவானது. இன்னும் மெதுவானது. நின்றது.

பச்சை மஞ்சளானது.

அவர் கட்டைவிரல் பட்டனுக்கு மேலே, நடுங்காமல், தயாராக இருந்தது.